ஸ்கேன் படத்துக்கு எதற்குப் பூட்டு?

ஒரே நாளில் இரண்டு மாதம்மாள் வந்தார்கள். எங்கள் தர்மபுரிப் பக்கத்தில் இது அதிசயமே இல்லை. மாதேஸ்வரன் மலையைக் கும்பிடுகிற ஊர்களில் தெருவுக்கு ஒரு மாதையனும் ஒரு மாதம்மாளும் இருப்பார்கள். ஒருவர் பென்னாகரம் பக்கம், இன்னொருவர் பாலக்கோடு பக்கம். இரண்டு பேருக்கும் அறுபதை ஒட்டிய வயது. இரண்டு பேருக்கும் இடுப்பு எக்ஸ்ரே. நான் அப்போது வேலை பார்த்த எக்ஸ்ரே சென்டரில் கவர் மாறிப் போய்விட்டது. பென்னாகரத்து அம்மா வாங்கிக்கொண்டு போன கவரில் பாலக்கோட்டு அம்மாவின் படம்.

டாக்டர் ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு, "பிளேட் எப்பம்மா வெச்சாங்க?" என்று கேட்டிருக்கிறார். "எனக்கு ஆபரேசனே ஆவலியே சார்" என்று அந்த அம்மா விழித்திருக்கிறார். பாலக்கோட்டு அம்மாவுக்குப் பழைய அறுவை சிகிச்சையில் வைத்த உலோகத் தகடு ஒன்று இடுப்பில் இருந்தது. அது படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்ததால்தான் தப்பு அன்றைக்கே பிடிபட்டது. தகடு இல்லாமல் இருந்திருந்தால்? இரண்டு பேரும் ஆளுக்கொரு தப்பான மருந்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அந்தச் சம்பவத்தில் திருடன் யாரும் கிடையாது. கம்ப்யூட்டருக்குள் யாரும் நுழையவும் இல்லை. ஆனாலும் மருத்துவப் படங்களின் பாதுகாப்பு என்ற விஷயத்தை யாராவது கேட்டால், நான் அந்த இரண்டு மாதம்மாளிடமிருந்துதான் தொடங்குவேன். ஏனென்றால் பாதுகாப்பு என்றதும் எல்லோருக்கும் ரகசியம் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. "என் எலும்பை யார் பார்த்தா எனக்கென்ன?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு இருக்கின்றன. இந்தப் படம் உண்மையிலேயே என்னுடையதா? எடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இப்போதும் இருக்கிறதா? ரகசியம் அப்புறம்தான். அவசரத்துக்குப் படம் கையில் கிடைக்குமா என்பதையும் சேர்த்துக்கொண்டால், இந்தத் துறையின் ஆராய்ச்சி முழுக்க இந்த நாலு கேள்விக்குள் அடங்கிவிடும்.

படம் என்பது உண்மையில் எண்கள்

1895 நவம்பரில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே தன் மனைவியின் கையைப் படம் பிடித்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் தெரியும் அந்தப் படம் இன்றைக்கும் புத்தகங்களில் வருகிறது. அப்போது படம் என்பது ஒரு பொருள். கண்ணாடித் தகடோ ஃபிலிமோ, கையில் பிடித்துப் பார்க்கலாம். அதில் யாராவது சுரண்டினால் சுரண்டிய தடம் இருக்கும்.

தர்மபுரி அரசு அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. போய்ப் பார்த்திருப்பீர்கள். ஆநிரை மீட்கப் போய்ச் செத்த வீரனின் உருவமும், சிலவற்றில் அவன் பேரும் ஊரும் கல்லில் வெட்டியிருப்பார்கள். அந்தப் பேரை மாற்ற வேண்டுமானால் உளி எடுக்க வேண்டும். உளி பட்ட இடம் ஆயிரம் வருஷம் கழித்தும் தெரியும். பழைய ஃபிலிமும் ஓரளவு அந்தக் கல் மாதிரிதான்.

இன்றைய படம் அப்படி இல்லை. 1971ல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு செய்த கருவியில் முதல் நோயாளியின் தலையை சிடி ஸ்கேன் எடுத்தார்கள். அந்தப் படம் கம்ப்யூட்டரிலேயே பிறந்தது. இப்போது ஒரு சிடி ஸ்கேனில் நெஞ்சையோ தலையையோ முள்ளங்கி வில்லை போடுகிற மாதிரி நூற்றுக்கணக்கான வில்லைகளாகப் பிரித்துக் காட்டுவார்கள். ஒவ்வொரு வில்லையும் வழக்கமாக 512க்கு 512 கட்டம். பெருக்கினால் 2,62,144 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, எலும்புக்குப் பல நூறு. இந்த அளவுகோலுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் பேரையே வைத்திருக்கிறார்கள். எண் பெரிதானால் திரையில் வெளுப்பாகத் தெரியும், சின்னதானால் கறுப்பாகத் தெரியும். அவ்வளவுதான் படம்.

நம் ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை படிந்தவர்களை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். வருஷக்கணக்கில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு எலும்பும் பாதிக்கப்படும். எக்ஸ்ரேயில் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் வழக்கத்தைவிட அடர்த்தியாக, சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துத் தெரியும். அதாவது அந்த இடத்து எண்கள் எல்லாம் கொஞ்சம் கூடியிருக்கும். இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு கோப்பில் இருக்கிற எண்களைக் கொஞ்சம் கூட்டினால் நோய் வந்துவிடும், குறைத்தால் நோய் போய்விடும். உளி வேண்டாம், தடமும் இருக்காது.

யார் அப்படிச் செய்யப் போகிறார்கள் என்று தோன்றலாம். தொப்பூர் கணவாயில் லாரி மோதிக் கால் முறிந்தவருக்கு இழப்பீட்டு வழக்கில் எக்ஸ்ரேதான் சாட்சி. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும், காப்பீட்டுப் பணத்துக்கும் படம்தான் ஆதாரம். பணம் எங்கே இருக்கிறதோ அங்கே படத்தை மாற்ற ஆசையும் இருக்கும். வழக்கில் இருக்கும் பெரிய மனிதரின் உடல்நிலை என்றால் கேட்கவே வேண்டாம்.

2019ல் இஸ்ரேலில் பென்-குரியன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். நுரையீரல் சிடி படங்களில் இல்லாத புற்றுநோய்க் கட்டியைச் செயற்கை நுண்ணறிவால் வரைந்து சேர்த்தார்கள். சில படங்களில் இருந்த கட்டியை அழித்தார்கள். பிறகு அனுபவமுள்ள கதிரியல் மருத்துவர்கள் மூன்று பேரிடம் கொடுத்தார்கள். சேர்த்த கட்டிகளில் 99 சதவீதத்தை அவர்கள் நிஜம் என்று நம்பினார்கள். அழித்த படங்களில் 94 சதவீதத்தை நோயில்லை என்று சொன்னார்கள். "சில படங்கள் மாற்றப்பட்டவை" என்று சொல்லிவிட்டுக் காட்டியபோதும் சேர்த்தவற்றில் 60 சதவீதமும் அழித்தவற்றில் 87 சதவீதமும் ஏமாற்றின. அதே ஆராய்ச்சியாளர்கள் ஒரு மருத்துவமனையின் அனுமதியோடு, உள்ளங்கை அளவு சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றை ஸ்கேன் கருவியின் கேபிளில் செருகிவிட்டு, உள்ளே போகிற படங்களை வழியிலேயே பிடித்தும் காட்டினார்கள். படங்கள் திறந்த கடிதம் மாதிரி போய்க்கொண்டிருந்தன.

இதை முதலில் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாங்கள் தினமும் அனுப்புகிற படங்களை நினைத்துக்கொண்டேன். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008லும், கிருஷ்ணகிரியில் 2022லும் வந்த பிறகு, முன்பு சேலத்துக்கும் பெங்களூருக்கும் ஓடியவர்கள் நிறைய பேர் இப்போது சொந்த மாவட்டத்திலேயே ஸ்கேன் எடுத்துக்கொள்கிறார்கள். அது பெரிய நல்லது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எடுத்த தலை ஸ்கேனைப் படித்துச் சொல்ல எல்லா இடத்திலும் கதிரியல் மருத்துவர் உட்கார்ந்திருக்க மாட்டார். படம் இன்டர்நெட் வழியாக வேறு ஊருக்குப் போகும். அங்கே ஒருவர் பார்த்து ரிப்போர்ட் எழுதி அனுப்புவார். நோயாளி நகரவே இல்லை, அவருடைய தலை மட்டும் எண்களாக மாறி ஊர் ஊராகப் போய்வருகிறது.

கோப்புக்குள் இருக்கிற பேர்

ஸ்கேன் சென்டரில் ஃபிலிமோடு ஒரு சிடி தட்டும் கொடுப்பார்கள். பலர் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள், ஃபிலிமைவிட அதில்தான் விஷயம் அதிகம். அதில் இருக்கிற கோப்புகளின் வகைக்கு டைகாம் என்று பேர். வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்காக அமெரிக்காவில் கதிரியல் மருத்துவர் சங்கமும் கருவி உற்பத்தியாளர் சங்கமும் சேர்ந்து உண்டாக்கிய முறை. 1985ல் முதல் வடிவம் வந்தது. டைகாம் என்ற பேரோடு 1993ல் வந்தது. உலகம் முழுக்க இப்போது இதுதான்.

டைகாம் கோப்பை ஒரு கவர் என்று நினைத்துக்கொள்ளலாம். உள்ளே படம். கவர் மேலேயே நோயாளியின் பேர், அடையாள எண், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, எந்தக் கருவி, எத்தனை மணிக்கு எடுத்தது என்று வரிசையாக எழுதியிருக்கும். ஒவ்வொரு விவரத்துக்கும் நிரந்தரமான ஓர் எண் உண்டு. 0010,0010 என்றால் நோயாளி பேர். 0010,0020 என்றால் அடையாள எண். மாதம்மாள் என்ற பேர் நூறு பேருக்கு இருக்கலாம், அடையாள எண் ஒருவருக்குத்தான். கவுன்டரில் அவசரத்தில் பழைய எண்ணையே இன்னொருவருக்குப் போட்டுவிட்டால், அதற்கப்புறம் எத்தனை பெரிய பூட்டுப் போட்டாலும் பூட்டுக்குள் இருப்பது தப்பான படம்தான்.

படங்களைச் சேர்த்துவைக்கிற சர்வரை பேக்ஸ் என்பார்கள். 2019ல் கிரீன்போன் என்ற ஜெர்மன் நிறுவனம் இன்டர்நெட்டில் தேடிப் பார்த்தது. 52 நாடுகளில் 590 சர்வர்கள் திறந்து கிடந்தன. அவற்றில் 2 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிப் பதிவுகள் இருந்தன. இந்தியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. இவற்றில் பலவற்றைப் பார்க்கப் பாஸ்வேர்டுகூட வேண்டியதில்லை. டைகாம் விதிப் புத்தகத்தில் பாதுகாப்புக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. வழியில் போகும்போது மறைத்து அனுப்புவது எப்படி, கையொப்பம் இடுவது எப்படி என்றெல்லாம் அதில் சொல்லியிருக்கிறார்கள். கதவோடு பூட்டும் வந்திருக்கிறது, யாரும் பூட்டவில்லை.

மாங்காய் லாரியும் ஹேஷும்

படத்தை வழியில் யாராவது தொட்டிருக்கிறார்களா என்று கண்டுபிடிப்பது எப்படி? எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கிருஷ்ணகிரியில் சீசனில் தோத்தாபுரி ஏற்றிக்கொண்டு கூழ் ஃபேக்டரிக்கு லாரிகள் போகும். கிளம்பும் இடத்தில் எடை போட்டுச் சீட்டு வாங்குவார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி எடை. இரண்டும் ஒன்றாக இருந்தால் சரி. குறைந்திருந்தால் வழியில் யாரோ இறக்கியிருக்கிறார்கள். இது நல்ல யோசனைதான், ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. நூறு கிலோ மாங்காயை இறக்கிவிட்டு நூறு கிலோ கல்லை ஏற்றினால் எடை சரியாகவே காட்டும்.

இப்போது ஒரு மாய எடைமேடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரே ஒரு மாங்காயை எடுத்துவிட்டு அதே எடையில் வேறொன்றை வைத்தாலும் அந்த எடைமேடை முற்றிலும் வேறு எண்ணைக் காட்டுகிறது. இரண்டு மாங்காயை இடம் மாற்றி வைத்தாலும்கூட வேறு எண். ஹேஷ் என்பது கம்ப்யூட்டர் கோப்புகளுக்கான அப்படிப்பட்ட எடைமேடை. ஷா-256 என்ற முறையில் எத்தனை பெரிய கோப்பைக் கொடுத்தாலும் 64 எழுத்து நீளத்தில் ஒரு சீட்டு வரும். 2,62,144 புள்ளிகளில் ஒரே ஒரு புள்ளியின் எண்ணை 142லிருந்து 143 ஆக்கினாலும் சீட்டு அடையாளமே தெரியாமல் மாறிவிடும். சீட்டைப் பார்த்துப் படத்தைத் திரும்ப உண்டாக்க முடியாது. இருக்கிற சீட்டுக்குப் பொருந்துகிற மாதிரி வேறொரு படத்தைச் செய்யவும் இதுவரை யாராலும் முடியவில்லை.

சரி, அந்தச் சீட்டையே மாற்றிவிட்டால்? திருடன் படத்தை மாற்றிவிட்டுப் புதுச் சீட்டும் போட்டுக் கூடவே அனுப்பிவிடலாமே. அதற்குத்தான் டிஜிட்டல் கையொப்பம். பழைய காலத்தில் தபால் பையில் அரக்கு உருக்கி முத்திரை குத்துவார்கள். முத்திரை ஒருவரிடம்தான் இருக்கும், அதன் அச்சை எல்லோரும் அடையாளம் கண்டுகொள்ளலாம். டிஜிட்டல் கையொப்பத்தில் இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று ஸ்கேன் சென்டரிடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவி, அதனால்தான் முத்திரை குத்த முடியும். இன்னொன்று எல்லோருக்கும் கொடுக்கிற பொதுச் சாவி, அதை வைத்து முத்திரை சரியா என்று பார்க்க மட்டும்தான் முடியும். ஹேஷ் சீட்டின் மேல் இந்த முத்திரை விழுந்துவிட்டால், பார்க்கிற மருத்துவருக்கு இரண்டு விஷயம் உறுதியாகிறது: படம் மாறவில்லை, அனுப்பியது இன்னார்தான்.

கையொப்பத்தில் ஒரு சங்கடம், அது கவரோடு இருப்பது. யாராவது கவரைப் பிரித்துப் படத்தை மட்டும் தனியே எடுத்துவிட்டால் முத்திரை போய்விடும். அதனால் படத்துக்குள்ளேயே அடையாளத்தை ஒளித்துவைக்கலாமா என்று யோசித்தார்கள். நூறு ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தால் காந்தி முகம் நிழலாகத் தெரிகிறதே, அது வாட்டர்மார்க். படத்துக்கும் அதே பேர்தான்.

எளிமையான முறை இப்படி. கம்ப்யூட்டருக்கு 142 என்பது 10001110. கடைசியில் இருக்கிற 0வை 1 ஆக்கினால் 10001111, அதாவது 143. எக்ஸ்ரேயில் 142க்கும் 143க்கும் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு புள்ளியிலும் கடைசி இலக்கத்தில் நாம் சொல்ல வேண்டியதை எழுதிக்கொண்டே போகலாம். ஓர் எழுத்துக்கு 16 இலக்கம் வைத்தால், பத்து எழுத்துப் பேருக்கு 160 புள்ளி போதும். மீதி இரண்டரை லட்சத்துக்கும் மேல் புள்ளிகள் அப்படியே இருக்கும்.

கல்யாண ஃபோட்டோவில் இப்படிச் செய்தால் பிரச்சினை இல்லை. மருத்துவப் படத்தில் ஒரு புள்ளியைக்கூட நாமாக மாற்றலாமா? இந்தக் கேள்வியில்தான் ஆராய்ச்சியாளர்கள் பல வருஷமாக உழைக்கிறார்கள். ஒரு வழி, நோயைப் பார்க்க உதவாத இடத்தில் மட்டும் எழுதுவது. நெஞ்சு எக்ஸ்ரேயின் நாலு மூலையிலும் வெறும் கறுப்புதான், அங்கே எழுதிக்கொள்ளலாம். இன்னொரு வழி, திருப்பி எடுக்கக்கூடிய வாட்டர்மார்க். மருத்துவர் திறக்கும்போது மென்பொருள் அடையாளத்தைச் சரிபார்த்துவிட்டு, எழுதியதை முழுசாக நீக்கி, ஒரு புள்ளி பிசகாமல் பழைய படத்தைக் கொடுத்துவிடும். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கிறது. நோய் எங்கே இருக்கும், எங்கே இருக்காது என்று முன்கூட்டியே கம்ப்யூட்டர் முடிவு செய்வது எனக்கு அவ்வளவு நம்பிக்கை தரவில்லை. தோள்பட்டையின் ஓரத்தில் தெரிகிற சின்னக் கட்டியையும் யாராவது பார்த்தாக வேண்டும்.

மறைப்பதும் சாவியும்

இப்போது ரகசியத்துக்கு வரலாம். படத்தைக் குறியாக்கம் செய்வது என்றால், சாவி இல்லாதவருக்கு வெறும் புள்ளிப் புழுதியாகத் தெரியும்படி கலைத்துவிடுவது. எழுத்துகளைக் கலைப்பதற்கும் படத்தைக் கலைப்பதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. படத்தில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே எண். அந்த நாலு மூலைக் கறுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சின்னக் கட்டத்தையும் தனித்தனியாக ஒரே மாதிரி மறைத்தால், கறுப்புக் கட்டங்கள் எல்லாம் ஒரே மறைப்பாக வரும். அப்புறம் தூரத்திலிருந்து பார்த்தாலே நெஞ்சின் உருவரை தெரிந்துவிடும். பூட்டிய கண்ணாடிக் கதவு மாதிரி ஆகிவிடும். அதனால் ஒரு கட்டத்தை மறைக்கும்போது அதற்கு முந்தைய கட்டத்தின் விடையையும் சேர்த்துக் கலக்குவார்கள். ஒரே கறுப்பு, இடத்துக்கு இடம் வேறு வேறாக மாறும்.

இந்தத் துறையில் நிறைய ஆய்வுகள் குழப்பக் கணக்கு என்ற ஒன்றை வைத்து நடக்கின்றன. ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், 0.3 என்று வைப்போம். அதை 1லிருந்து கழித்தால் 0.7. இரண்டையும் பெருக்கி நாலால் பெருக்கினால் 0.84. வந்த விடைக்கு மறுபடி அதையே செய்யுங்கள், மறுபடியும் செய்யுங்கள். இப்போது 0.3க்குப் பதில் 0.301 என்று தொடங்கிப் பாருங்கள். முதல் விடை 0.8416, கிட்டத்தட்ட அதேதான். ஆனால் பத்துப் பதினைந்து படி தாண்டியதும் இரண்டு வரிசைக்கும் சம்பந்தமே இருக்காது. தொடக்க எண் துல்லியமாகத் தெரியாதவருக்கு வரிசை கிடைக்காது. ஆகவே அந்தத் தொடக்க எண்ணையே சாவியாக வைத்து, வரிசைப்படி புள்ளிகளை இடம் மாற்றி, எண்களையும் மாற்றிப் படத்தைக் கலைக்கிறார்கள். செல்போன் கால்குலேட்டரிலேயே போட்டுப் பார்க்கலாம், பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டினால் அவ்வளவு ஆர்வமாகக் கேட்பார்கள்.

ஆனால் ஒரு மருத்துவமனைக்கு யோசனை சொல்ல வேண்டுமென்றால் நான் ஏஇஎஸ் என்ற முறையைத்தான் சொல்வேன். 1997ல் உலகம் முழுவதற்கும் ஒரு போட்டி வைத்தார்கள். 15 முறைகள் வந்தன. எல்லாவற்றையும் வெளிப்படையாக மேசையில் போட்டு, உடைக்க முடிகிறவர்கள் உடையுங்கள் என்றார்கள். கடைசியில் பெல்ஜியத்தைச் சேர்ந்த டேமன், ரைமன் இருவரும் செய்த முறை ஜெயித்தது. 2001ல் அது அமெரிக்க அரசின் தரமாக அறிவிக்கப்பட்டது. அன்றிலிருந்து எத்தனையோ பேர் மோதிப் பார்த்தும் அது நிற்கிறது. புதிய முறை எத்தனை அழகாக இருந்தாலும், அப்படி அடிபட்டு நின்றதாக இருக்க வேண்டும். செய்தவரே தன் பூட்டு உடையாது என்று சொன்னால் மட்டும் போதாது.

எந்தப் பூட்டாக இருந்தாலும் சாவி எங்கே இருக்கிறது என்பதுதான் கடைசிக் கேள்வி. நான் பார்த்த ஓர் இடத்தில், ஸ்கேன் கருவியை இயக்குகிற கன்சோல் கம்ப்யூட்டரின் கீபோர்டைத் தூக்கினால் அடியில் ஒரு சீட்டு இருக்கும். ரசீது புத்தகத்தில் கிழித்த துண்டு, மேலே செல்லோ டேப், நீல மையில் பாஸ்வேர்டு. சென்டரின் பேரும் 123ம்தான் பாஸ்வேர்டு. டெக்னீஷியன், ரிசப்ஷன் பெண், வாரம் ஒருமுறை வருகிற சர்வீஸ் ஆள், எல்லோருக்கும் அதே ஒன்று. அங்கே ஒரு படம் அழிந்துபோனால் யார் அழித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்பது பாரமாகத்தான் தெரியும். அதனால்தான் பாதுகாப்பை வேலை செய்கிறவருக்குத் தொந்தரவில்லாமல் வடிவமைக்க வேண்டும் என்கிறேன். விரல் வைத்தால் திறக்கிற மாதிரி வைத்துக் கொடுங்கள், யாரும் சீட்டு ஒட்ட மாட்டார்கள்.

ரகசியத்தைப் பற்றி இன்னொன்று. பேரை நீக்கிவிட்டால் படம் யாருடையது என்று தெரியாது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தோம். 2019ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆராய்ச்சியாளர்கள், பேர் இல்லாத தலை எம்ஆர்ஐ படங்களிலிருந்து முகத்தைக் கம்ப்யூட்டரில் உருவாக்கி, அதைச் சாதாரண ஃபோட்டோக்களோடு ஒப்பிட்டார்கள். 84 பேரில் 70 பேரை மென்பொருள் சரியாகக் கண்டுபிடித்தது. மூளையைப் படம் எடுத்தால் மூக்கும் கன்னமும் கூடவே வந்துவிடுகின்றன. ஆகவே ஆராய்ச்சிக்குப் படம் கொடுக்கும்போது பேரோடு முகப் பகுதியையும் நீக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவலை வைத்திருப்பவர்தான் அதைக் காக்க வேண்டும் என்கிறது. தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ரேஷன் கார்டு நகல் மாதிரி ஸ்கேன் படங்களைக் கையாள்கிற பழக்கம் இனிமேல் செல்லாது.

பூட்டியதாலேயே படம் கிடைக்காமல் போவதும் உண்டு. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களைத் தாக்கிக் கோப்புகளை வேறு யாரோ குறியாக்கம் செய்துவிட்டார்கள். மருத்துவமனையில் பல நாள் எல்லாவற்றையும் கையால் எழுதி ஓட்டினார்கள். சாவி திருடன் கையில் இருக்கிறபோது அதே குறியாக்கம்தான் ஆயுதமாகிறது. இதற்கு ஒரே மருந்து, படங்களின் இன்னொரு பிரதியை நெட்வொர்க்கோடு சேர்க்காமல் தனியே எடுத்துவைப்பது, அதைத் திறந்து பார்த்து வேலை செய்கிறதா என்று அவ்வப்போது சரிபார்ப்பது. எடுத்துவைப்பவர்கள் உண்டு, திறந்து பார்ப்பவர்கள் குறைவு.

ஜன்னலில் பிடித்த ஃபிலிம்

கடைசியாக நம் கையில் இருக்கிற ஒன்று. ஃபிலிமை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, பின்னால் தென்னை மரமும் கேபிள் ஒயரும் தெரிய, செல்போனில் ஒரு ஃபோட்டோ. உடனே சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கு. நானும் என் அப்பாவின் எக்ஸ்ரேயை இப்படி அனுப்பியிருக்கிறேன், பதற்றத்தில் வேறு எதுவும் தோன்றாது. ஆனால் மூலப் படத்தில் வெளிச்ச அளவு 4096 படிகளாக இருக்கலாம். ஃபோட்டோவில் அது 256 படிகளாகச் சுருங்கும். வாட்ஸ்அப் மேலும் அமுக்கி அனுப்பும். மயிரிழைக் கீறல் அதில் காணாமல் போக வாய்ப்பு அதிகம். மேல் மூலையில் பேர், வயது, எண் மட்டும் தெளிவாகப் போய்ச் சேரும். காட்ட வேண்டியது போகவில்லை, மறைக்க வேண்டியது போய்விட்டது.

வேறு ஊர் மருத்துவரிடம் காட்ட வேண்டுமானால் அந்த சிடி தட்டைக் கொடுங்கள். அல்லது சென்டரில் கேட்டால் படத்தைத் திறக்கிற லிங்க் அனுப்புவார்கள். அதைக் குரூப்பில் போடாமல் மருத்துவருக்கு மட்டும் அனுப்புங்கள். கவரை வாங்கியதும் அங்கேயே நின்று பிரித்துப் பாருங்கள். பேர், வயது, தேதி, எந்தப் பக்கம் என்பதற்கான இடது வலது எழுத்து. படிக்கத் தெரியாதவர்களுக்கு நாங்களே வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்போது நான் வேலை பார்க்கிற இடத்தில் கவுன்டரில் பேரைக் கேட்பதோடு நிறுத்துவதில்லை. ஊர், வீட்டுக்காரர் பேர், பிறந்த வருஷம் மூன்றும் கேட்ட பிறகுதான் எண் போடுகிறோம். கவர் கொடுக்கும்போது "நீங்க மாதம்மாளா?" என்று கேட்பதில்லை, கேட்டால் யாராக இருந்தாலும் தலையாட்டிவிடுவார்கள். "உங்க பேரு சொல்லுங்கம்மா, எந்த ஊரும்மா?" என்றுதான் கேட்கிறோம். போன வாரம் ஒரு அம்மா, "ஏம்பா, காலையில எழுதினியே, மறந்துட்டியா?" என்றார். மறக்கவில்லை அம்மா என்று சொல்லிவிட்டு, மறுபடியும் ஊர் பேரைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் கவரைக் கொடுத்தேன்.